எட்டு எண்ணாத கும்மி

சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் 22 பிள்ளைகளுக்குக் கும்மியும் பின்னல் கோலாட்டமும் கற்றுக்கொடுத்தோம். 2025 சனவரியில் தொடங்கி ஏப்ரலில் மேடையேறினோம். இடையில் 12 புதன்கிழமைகள், ஒவ்வொன்றிலும் பள்ளி முடிந்து ஒன்றரை மணி நேரம். நான் அங்கே தமிழாசிரியர். எனக்கு ஆடத் தெரியாது. பிள்ளைகளை எண்ணி உட்காரவைப்பதும், காணாமல் போன தண்ணீர்ப் புட்டியைத் தேடிக் கொடுப்பதும்தான் என் வேலை என்று நினைத்துப் போனேன். மூன்றாவது வாரம் ஒரு சிக்கல் வந்தது. அது பிள்ளைகளின் காலில் இல்லை, வாயில் இருந்தது. அப்போதுதான் இது என் வேலையும்கூட என்று புரிந்தது.

எட்டு நிமிடத்தில் ஆறு ஆட்டம்

சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ்மொழி விழா மாதம். பள்ளியில் ஒரு நிகழ்ச்சி வேண்டும், ‘கிராமிய நடனம்’ என்று கேட்டார்கள். கையில் கொடுத்த பட்டியலில் கரகம், காவடி, பொய்க்கால் குதிரை, மயில், ஒயில், தேவராட்டம் என்று ஆறு இருந்தன. மொத்தம் எட்டு நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு 80 விநாடி. நடுவில் உடை மாற்ற நேரம் போட்டிருக்கவில்லை.

பயிற்றுநராக வந்தவர் மதுரைப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பகலில் வேறு வேலை. ஊரில் சிறுவயதிலேயே ஒயிலாட்டத்துக்குத் துண்டு பிடித்தவர், பறையும் அடிப்பார். பிள்ளைகளுக்கு மாஸ்டர், எனக்கு அண்ணன். பட்டியலைக் காட்டினேன்.

“அண்ணே, ஆறும் வேணுமாம்.”

“ஆறுக்கும் வேஷம் கட்டிடலாம் டீச்சர். ஆட்டம்னு ஒண்ணு இருக்காது, பரவாயில்லையா?”

அவர் சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை. பிறகு பழைய நிகழ்ச்சிப் படங்களை எடுத்துப் பார்த்தேன். கரகம் என்று பிள்ளைகள் தலையில் இருந்தது எடையில்லாத பிளாஸ்டிக் குடம், அதற்குத் தாடையில் எலாஸ்டிக். செம்புக்குள் அரிசியோ மணலோ போட்டு, அந்த எடையைக் கழுத்தாலும் இடுப்பாலும் சமாளிப்பதுதான் கரகாட்டம். எலாஸ்டிக் கட்டினால் அது தொப்பி. பொய்க்கால் குதிரை இன்னும் வேடிக்கை. குதிரைக் கூடு இருக்கிறது, பொய்க்கால் இல்லை. மரக்காலில் ஏறி நிற்காமல் பள்ளிச் சப்பாத்தோடு ஓடினால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையை மரக்காலில் ஏற்ற எந்தப் பள்ளியும் ஒப்புக்கொள்ளாது, அது நியாயம்தான். அப்படியென்றால் அந்த ஆட்டத்தை விட்டுவிட வேண்டும்.

தேவராட்டத்தைப் பற்றி மாஸ்டர் சொன்னதைக் குறித்துவைத்திருக்கிறேன். “அது ராஜகம்பள நாயக்கமார் ஆட்டம் டீச்சர். அவங்க வீட்டுல தெலுங்கு பேசுவாங்க. பாட்டே கிடையாது, தேவதுந்துபி மேளச் சத்தத்துக்குக் கால் பேசும். எங்க ஊருக்குப் பக்கத்துல பார்த்திருக்கேன், ஆடினதில்லை. பார்த்ததைச் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.” அது வேறொருவர் வீட்டுச் சொத்து என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. நாங்களோ ‘தமிழர் நடனம்’ என்று ஒரே சொல்லில் அறிவிப்புக்கூட எழுதி முடித்திருந்தோம். எல்லா ஊரையும் எல்லாச் சமூகத்தையும் ஒரே துணியில் முடிந்து வைத்த அந்த அறிவிப்பு குப்பைக்கூடைக்குப் போனது.

பேரம் நடந்தது. ஆறு இரண்டரை ஆனது. எல்லாருக்கும் கும்மி, எட்டுப் பேருக்குப் பின்னல் கோலாட்டம், முடிந்தால் கொஞ்சம் ஒயில். அந்த ‘முடிந்தால்’ முடியவில்லை. ஒயிலாட்டம் வழக்கமாக ஆண்கள் வரிசையில் நின்று, கையில் துணியை வீசி ஆடுவது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “பாய்ஸ் மட்டும் ஏன் மாஸ்டர்?” என்று கேட்டாள். கோவைப் பக்கம் வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து வழக்கத்தை மாற்றிய பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்ததை மாஸ்டர் சொன்னார். அவளுக்கும் ஒரு துணி கொடுத்தார். ஆனால் பிள்ளைகள் துணியைப் பார்த்தால் காலை மறந்தார்கள், காலைப் பார்த்தால் துணி பின்னால் நிற்பவன் முகத்தில் விழுந்தது. ஒரு பருவத்துக்கு இரண்டு ஆட்டமே அதிகம் என்று நான்காம் வாரம் துணிகளை மடித்து வைத்துவிட்டோம்.

அரைமண்டி உட்கார்ந்த கும்மி

22 பேரில் ஒன்பது பேர் ஏற்கெனவே பரதநாட்டியம் கற்பவர்கள். இங்கே அதில் வியப்பில்லை. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் தொடங்கியது. கே. பி. பாஸ்கர் 1952இல் நடனப் பள்ளி தொடங்கினார். பரதத்துக்கு இந்த ஊரில் எழுபது ஆண்டுக்கு மேல் குரு, தேர்வு, அரங்கேற்றம் என்று ஒரு பாதை இருக்கிறது. கும்மிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கோவிலிலும் கல்யாண வீட்டிலும் யாராவது தொடங்கினால் உண்டு.

இந்த ஒன்பது பேர்தான் நமக்குப் பலம் என்று நினைத்தேன். முதல் இரண்டு வாரம் அவர்களோடுதான் அதிகம் போராட வேண்டியிருந்தது. கும்மி என்றதும் முதுகை நிமிர்த்தி, முழங்காலை விரித்து, அரைமண்டியில் உட்கார்ந்துவிட்டார்கள். கை தட்டப் போகும் வழியில் விரல்கள் தாமாக அலபத்ம முத்திரையாக மலர்ந்தன. பார்க்க அழகுதான். ஆனால் கும்மிக்கு வேறு உடம்பு வேண்டும். வட்டத்துக்குள் குனிந்து முழங்காலுக்குக் கிட்டே ஒரு தட்டு, நிமிர்ந்து திரும்பும்போது தலைக்கு மேலே ஒரு தட்டு. எடை முழுவதும் இடுப்பில்.

“நாத்துப் பிடுங்குற இடுப்பு வேணும்,” என்றார் மாஸ்டர். யாருக்கும் விளங்கவில்லை. நாற்று என்றால் என்ன என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் என்னை நிறுத்திவிட்டு, தரையில் 22 பென்சிலைப் பரப்பினார். முழங்காலை அதிகம் மடக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து, திரும்பி, பின்னால் இருப்பவரிடம் கொடுக்கச் சொன்னார். மூன்று சுற்றில் இடுப்பு வந்துவிட்டது.

மூன்றாவது புதன்

சனவரி 22. பாட்டு ஒலிப்பதிவு ஓடுகிறது, பிள்ளைகள் ஆடுகிறார்கள். தட்டு சரியாக விழுகிறது, அப்புறம் தவறுகிறது, அப்புறம் தானாகவே மறுபடி சரியாகிறது. யார் தவறுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாரும் சேர்ந்தே தவறுகிறார்கள், சேர்ந்தே சரியாகிறார்கள்.

கிட்டப் போய் நின்றபோதுதான் உதடுகள் அசைவதைக் கவனித்தேன். “ஒன், டூ, த்ரீ, ஃபோர்...” எட்டு வரை எண்ணி, மறுபடி ஒன்று. பள்ளியில் எந்த ஆட்டம் ஆடினாலும் பிள்ளைகள் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அது அவர்களுக்குப் பாடமாகவே ஆகிவிட்டது.

கும்மி மூன்றாக நடக்கிற பாட்டு. ‘தகிட தகிட தகிட தகிட’ என்று ஓர் அடிக்கு நான்கு தகிட, ஆக 12 அசைவு. பிள்ளைகளின் கணக்கு எட்டு. எட்டில் அவர்கள் காலடி முடிந்து மறுபடி தொடங்கும்போது பாட்டில் இன்னும் நான்கு மிச்சம். இரண்டு அடி முடிந்தால் 24. அதை எட்டாலும் வகுக்கலாம், பன்னிரண்டாலும் வகுக்கலாம். அதனால் இரண்டு அடிக்கு ஒருமுறை தானாகவே பொருந்திவிடுகிறது. அந்த ஒரு நொடியைப் பார்த்துவிட்டு ‘வந்துடுச்சு, வந்துடுச்சு’ என்று இரண்டு வாரமாகக் கைதட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தவள் நான்.

சரி, ஆறு வரை எண்ணச் சொல்லலாமா, பன்னிரண்டு வரை எண்ணச் சொல்லலாமா என்று நானும் மாஸ்டரும் பேசிக்கொண்டிருந்தோம். மண்டபத்தின் மறுபாதியில் திக்கிர் பாராட் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. மலாய்ப் பிள்ளைகள் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்து, தலைவன் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடித் தட்டி, உடம்பை ஆட்டுவார்கள். மாஸ்டர் பேச்சை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். ஐந்து நிமிடம் இருக்கும்.

“டீச்சர், அந்தப் பிள்ளைங்க வாயைப் பாருங்க. ஒருத்தனாவது எண்றானா?”

ஒருவனும் எண்ணவில்லை. எல்லார் வாயிலும் பாட்டு இருந்தது.

அடுத்த புதன் சீனப் புத்தாண்டு, விடுமுறை. பயிற்சி ஒன்று போய்விட்டதே என்று கவலைப்பட்டேன். அந்த இரண்டு வார இடைவெளியில்தான் மாஸ்டர் எல்லாவற்றையும் மாற்றினார். ஒலிப்பதிவு கிடையாது. எண்ணுவது கிடையாது. ஆடுகிறவர் பாட வேண்டும், பாடத் தெரியாதவர் தெரியும்வரை உட்கார்ந்து தட்ட வேண்டும். ஊரில் கும்மியே அப்படித்தான் என்றார். ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், எடுத்துக்கொடுப்பவள் வேகத்தைக் கூட்டினால் வட்டமே வேகமாகும். பாட்டை ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்தது நாங்கள் செய்த முதல் கோளாறு.

இங்கேதான் நான் உள்ளே வந்தேன். பாட வேண்டுமென்றால் பாட்டு வாயில் நிற்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடுதான். என் வகுப்பில் தமிழை நன்றாக எழுதுகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் தமிழில் கத்திய அனுபவம் பலருக்கு இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு மெல்லிய குரலில், வாக்கியம் பிழையாகிவிடுமோ என்று பயந்து பேசிப் பழகியவர்கள். அவர்களைத் தொண்டை நரம்பு புடைக்கப் பாடவைக்க மூன்று வாரம் ஆனது. ‘ழ’ வராத பிள்ளைக்கும் பாட்டின் நடை வந்தது. நடை வந்தபிறகு சிலருக்கு ‘ழ’வும் வந்தது, எல்லாருக்கும் வரவில்லை.

குழுவில் தமிழ் தெரியாத சீனப் பெண் ஒருத்தி இருந்தாள். நடனம் பிடிக்கும் என்று சேர்ந்தவள். பாட்டை அவள் தனக்குப் புரிந்தபடி ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்திருந்தாள். குறில் எது, நெடில் எது என்று மேலே கோடு போட்டு வேறுபடுத்தியிருந்தாள். பின்னால் நாங்கள் கட்டிய பாட்டில் வரும் ‘முளைத்ததடி’யை ‘மொளத்தடி’ என்று விழுங்கிய எங்கள் பிள்ளைகளை அவள் ஒருநாள் திருத்தினாள். அன்று இரண்டு பேர் அழுதார்கள்.

பஞ்சின்மேல் முளைப்பாரி

எந்தப் பாட்டு என்பது அடுத்த கேள்வி. மாஸ்டருக்குத் தெரிந்த கும்மிகள் எல்லாம் முளைப்பாரிக் கும்மிகள். மதுரை, இராமநாதபுரம் பக்கம் அம்மன் திருவிழாவுக்கு நவதானியத்தை ஊறவைத்து, ஓட்டிலோ சட்டியிலோ எருப் போட்டு விதைத்து, வெயில் படாத இருட்டறையில் வளர்ப்பார்கள். இருட்டில் வளர்வதால் பயிர் வெளிர் மஞ்சளாக, தளதளவென்று உயரமாக நிற்கும். அதை நடுவில் வைத்துச் சுற்றிவந்துதான் பெண்கள் கும்மி தட்டுவார்கள், பிறகு ஊர்வலமாகக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைப்பார்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். “டீச்சர், சயின்ஸ்ல செஞ்சோம். பச்சைப்பயறு, பஞ்சு. ஒண்ணை அலமாரிக்குள்ள வைக்கணும், ஒண்ணை வெளியே வைக்கணும். உள்ள வெச்சது மஞ்சளா, லோங்கா போச்சு.”

அதேதான். நான் ஒரு வாரம் தயாரித்த விளக்கப்படங்கள் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் டப்பா கொண்டுவந்தார்கள். இரவு ஊறவைத்த பயறு, ஈரப் பஞ்சு, தமிழறை அலமாரி. ஒரே பயம் தண்ணீர்தான். டப்பாவில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, அது எங்கள் ஊரில் விளையாட்டல்ல. தினமும் காலையில் யாராவது ஒருவர் டப்பாக்களைச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று முறை போட்டோம். அந்த முறைப் பட்டியலைத்தான் பிள்ளைகள் பயிற்சிப் பட்டியலைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

பாட்டையும் நாங்களே கட்டினோம். மெட்டு மாஸ்டருடையது, சொற்கள் எனக்கும் பிள்ளைகளுக்கும் பொது.

பச்சைப் பயறு நனைத்துவைத்தோம் – அது
பஞ்சுமெத் தைமேல் முளைத்ததடி
அச்சச்சோ வெய்யிலும் பட்டதில்லை – அது
அண்ணாந்து பார்த்தே வளர்ந்ததடி

‘அண்ணாந்து’ என்ற சொல் யாருக்கும் தெரியவில்லை. தட்டும்போது தலையைத் தூக்கும் இடமும் அந்தச் சொல்லும் ஒரே இடத்தில் வந்ததால், பொருள் சொல்லாமலேயே பிடித்துக்கொண்டார்கள். பிப்ரவரி 12 அன்று டப்பாக்களை நடுவில் வைத்து முதன்முறையாகச் சுற்றி ஆடினார்கள். அதுவரை வட்டம் நெளிந்து நெளிந்து உருளைக்கிழங்கு போல இருக்கும். நடுவில் மிதித்துவிடக்கூடாத ஒரு பொருள் வந்ததும் வட்டம் வட்டமானது. இத்தனை வாரம் தரையில் வண்ண நாடா ஒட்டி நான் செய்ய முடியாததை ஒரு டப்பாப் பயறு செய்தது.

பறை வந்தது, தொலைபேசி வந்தது

ஒலிப்பதிவை விட்டதும் தாளத்துக்கு ஏதாவது வேண்டியிருந்தது. மாஸ்டர் தம் பறையைக் கொண்டுவந்தார். வேப்பமரச் சட்டம் மூன்று துண்டாகச் சேர்த்தது, மேலே தோல், இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி, வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. குளிரூட்டிய இசையறையில் வைத்தால் பத்து நிமிடத்தில் தோல் தொய்ந்து ‘பொத் பொத்’ என்றது. ஊரில் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டுவார்கள். பள்ளியில் தீயா, கேட்கவே வேண்டாம். மாஸ்டர் மத்தியான வெயிலில் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் பறையை வைத்துவிட்டு வந்தார். மழை பெய்த புதன்களில் நாடக மன்றத்திடம் கடன் வாங்கிய முடி உலர்த்தி. பிள்ளைகளுக்கு இது ஆட்டத்தைவிடப் பிடித்துப்போனது. சூடு ஏறஏற ஒலி ‘ணங்’ என்று மாறும் தருணத்துக்காகக் காதைக் கிட்டே வைத்துக் காத்திருப்பார்கள்.

இரண்டு பிள்ளைகள் அடிக்கப் பழகினார்கள். அவர்களில் ஒருவனுடைய பாட்டியிடமிருந்து அழைப்பு வந்தது.

“ஏம்மா, பள்ளிக்கூடத்துல சாவு மேளம் அடிக்கச் சொல்லித் தர்றீங்களாமே?”

நான் பதில் சொன்ன விதம் மோசம். முதலில் பெற்றோர் எல்லாருக்கும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். தொல்காப்பியம் பறையை ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகச் சொல்கிறது, மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 சனவரியில் பத்மஸ்ரீ அறிவித்திருக்கிறார்கள், ஆகவே இது பெருமைக்குரிய இசைக்கருவி. எல்லாம் சரியான தகவல்தான். பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மருமகள் வாசித்துச் சொல்லியிருக்கிறார். மறுநாள் மறுபடி அழைப்பு.

“விருது குடுத்தா சாவு மேளம் கல்யாண மேளம் ஆயிடுமா? எங்க புளோக்குக் கீழ வெற்றுத்தளத்துல இந்தச் சத்தம் கேட்டா, யார் போயிட்டாங்கன்னுதான் எட்டிப் பார்ப்போம். எம் பேரன் கையில அது வேணாம்.”

வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு அவர் சொல்வது விளங்கும். கட்டடத்தின் கீழே திறந்துகிடக்கும் ஒரே வெற்றுத்தளத்தில்தான் இந்த வாரம் துக்கம், அடுத்த வாரம் மலாய்க் கல்யாணத்துக் கொம்பாங் மேளம். எந்தச் சத்தம் எதற்கு என்று காது பழகியிருக்கிறது. ஆனால் சாவு என்பது பாதிக் காரணம்தான். மறுபாதி சாதி. அதை யாரும் தொலைபேசியில் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை. பறையடித்தவர்களைத் தள்ளிவைத்த வரலாற்றை ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் முழுதாகத் தெரியவில்லை. மாஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். “இதைச் செய்யறவங்களை ரொம்பக் காலம் கிட்டச் சேர்க்கல. நீங்க தொட்டு அடிக்கிறீங்கல்ல, அது போதும்,” என்று பிள்ளைகளிடம் ஒரே வரியில் சொன்னார். அதற்குமேல் அவர் பேசவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

பேரன் பறையை விட்டான். ஆட்டத்தில் இருந்தான். அவன் குச்சிகளைத் திருப்பிக் கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் துணியில் துடைத்து, சேர்த்துவைத்துக் கொடுத்தான். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்தான் போலிருக்கிறது. கடிதம் எழுதிய நேரத்தில் பாட்டி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். முதலில் போயிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்று சொல்லமாட்டேன். பையனுக்கு அந்த முகம் வந்திருக்காது.

நெட்பால் கம்பத்தில் பின்னல்

பின்னல் கோலாட்டத்துக்கு மேலேயிருந்து கயிறு தொங்க வேண்டும். மண்டபக் கூரையில் எதையும் மாட்டக் கூடாது. இரண்டு வாரம் யோசித்தோம். கடைசியில் உடற்கல்வி ஆசிரியர்தான் சக்கரம் வைத்த நெட்பால் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். வளையத்தில் எட்டு நாடா, நான்கு சிவப்பு, நான்கு மஞ்சள். அடியில் மணல்மூட்டை.

இந்த ஆட்டத்தின் சூட்சுமம் எளிது, செய்வதுதான் கடினம். எட்டுப் பேரில் நான்கு பேர் வலமாக, நான்கு பேர் இடமாக. எதிரே வருபவரை முதலில் உள்ளே விட்டு வெளியே போனால், அடுத்தவரை வெளியே விட்டு உள்ளே போக வேண்டும். கடக்கும்போது ஒரு கையிலுள்ள கோலால் ஒரு தட்டு. சரியாகச் செய்தால் கம்பத்தைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளும் பாய்முடைந்தது போல இறங்கிவரும். ஒருவர் ஒருமுறை உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனால், பின்னலில் அந்த இடத்தில் ஒரே நிறம் இரண்டு முறை பக்கத்துப் பக்கத்தில் விழுந்துவிடும். யார் தவறினார்கள், எந்தச் சுற்றில் என்று நாடாவே காட்டிக்கொடுக்கும். ஆசிரியருக்கு இதைவிட நல்ல மதிப்பெண் தாள் கிடையாது.

அவிழ்ப்பது இன்னும் கடினம். வந்த வழியே, அதே கணக்கில், கடைசித் தவறையும் சேர்த்துத் திருப்பிச் செய்தால்தான் அவிழும். ஒரு தவறைத் திருத்தி ஆடினால் முடிச்சு விழும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், “அப்ப தப்பையும் ஞாபகம் வெச்சுக்கணும்,” என்றான். அதுதான் விதி.

எங்களுக்கு வந்த தொல்லை வேறு. ஆட்கள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் ஆட்டம் இல்லை. புதன் மதியம் துணைப்பாடம், பல் மருத்துவர், துணைப்பாட வகுப்புக்கு முந்திய துணைப்பாட வகுப்பு. எட்டுப் பேரும் சேர்ந்து வந்தது மொத்தம் நான்கு புதன்தான். மற்ற நாள்களில் எட்டாவது நாடா என் கையில். ஆடத் தெரியாது என்று முதலில் சொன்னேனே, அதனால் அந்த நாள்களில் பின்னலில் இருந்த தவறுகள் யாருடையவை என்று கேட்கவே வேண்டாம். மறுபடி செய்வதாக இருந்தால் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்து எட்டுப் பேரை மேடையேற்றுவேன்.

மேடையும் அதற்கப்புறமும்

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளி மண்டபம். கும்மி நான்கு நிமிடம், பின்னல் மூன்று நிமிடம். கேட்ட எட்டில் ஒரு நிமிடம் மிச்சம். கும்மியில் எடுத்துக்கொடுத்த பெண் பதற்றத்தில் வேகமாகத் தொடங்கிவிட்டாள். ஒலிப்பதிவாக இருந்திருந்தால் அங்கேயே குலைந்திருக்கும். மாஸ்டர் பறையை அவள் வேகத்துக்கு இழுத்துக்கொண்டார், வட்டமும் இழுத்துக்கொண்டது, மூச்சு வாங்க முடித்தார்கள். பின்னல் அழகாக இறங்கியது. அவிழும்போது கடைசிச் சுற்றில் இரண்டு நாடா சிக்கிக்கொண்டன. இரண்டு பிள்ளைகளும் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சிக்கலோடு வணக்கம் சொன்னார்கள். பாராட்டுகளுக்கு நடுவே ஒருவர் “உடை இன்னும் கலர்ஃபுல்லா இருந்திருக்கலாம்,” என்றார். இருந்திருக்கலாம்தான்.

பாட்டி வந்திருந்தார். பறையைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் டப்பாக்களைக் குனிந்து பார்த்துவிட்டு, “இதைக் கரைக்கணும், குப்பையில போட்டுடாதீங்க,” என்று மட்டும் சொன்னார். பள்ளித் தோட்டத்தில் நீர் ஊற்றிப் புதைத்தோம். அது கரைத்த கணக்கா என்று தெரியாது.

அடுத்த திங்கள் பேரன் என்னைத் தேடி வந்தான். “டீச்சர், மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது தப்பாம். பாட்டி சொன்னாங்க.”

எது தப்பு என்றேன். நடைபாதையிலேயே காட்டினான். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு என்று நாங்கள் ஆடிய இடத்தில் அவன் குனிந்து இரண்டு தட்டு, நிமிர்ந்து ஒன்று. மூன்றையும் தகிட என்ற ஒரு நடைக்குள் உட்கார்த்திவிட்டான். பாட்டி மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் இப்படித்தான் கும்மி தட்டுவார்களாம். வீட்டு முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவனுக்கு மூன்று பாட்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் கேள்விப்படாத பாட்டுகள், பால்வெட்டப் போகும் பெண்களைப் பற்றியவை.

மாஸ்டரிடம் காட்டினேன். தாமும் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்தார். “தப்பில்ல டீச்சர், அது அவங்க ஊரு. நல்லா இருக்கு,” என்றார்.

அடுத்த குழுவுக்குப் பாட்டியையே வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று இந்தமுறை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். தேநீர் கொடுத்தார். வருகிறேன் என்றார், பறை இருக்கும் அறைக்கு வரமாட்டேன் என்றும் சொன்னார். மாஸ்டரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.